படித்துப் பார்த்தேன், பரிந்துரைக்கிறேன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் உட்கார்ந்து படியுங்கள். இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மணப்பாறையில் அக்கா பேத்தி காதுகுத்து. பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் அக்கா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பேச்சு எங்கெங்கோ சுற்றி நம் கல்லூரி நூலகத்துக்கு வந்தது. வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கான டேட்டாபேஸுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சந்தா கட்டுகிறார்கள் என்று சொன்னேன். அவன் சிரித்தான். "என்ன மாமா, எல்லாந்தான் நெட்ல சும்மா கிடைக்குதே. இதுக்குப் போயி காசு கட்டுவாங்களா?" என்றான்.

"அப்படி இல்ல மாப்ளே" என்று ஆரம்பித்தேன். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை நிற்காது.

முதலில் அவன் கேள்விக்குப் பதில். நாளிதழ் சும்மா கிடைக்கும், வீடியோ சும்மா கிடைக்கும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு பகுதியும் இப்போது சும்மா கிடைக்கிறது. மீதி பூட்டுக்குள்ளே இருக்கிறது. தலைப்பும் சுருக்கமும் தெரியும். உள்ளே போக வேண்டுமென்றால் ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்கும். கட்டுரை எழுதிய பேராசிரியருக்கு அதில் ஒரு பைசா போகாது. அதைச் சரிபார்த்துக் கொடுக்கும் மற்ற பேராசிரியர்களுக்கும் பெரும்பாலும் கூலி கிடையாது. சம்பளம் கொடுப்பது அவரவர் பல்கலைக்கழகம். சொசைட்டிக்குப் பாலைச் சும்மா ஊற்றிவிட்டு, அதே பாலைப் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குவது போன்ற ஏற்பாடு. முப்பத்து மூன்று வருஷம் பொருளாதாரம் நடத்தியிருக்கிறேன். இதைவிட விசித்திரமான சந்தை ஒன்றை உதாரணம் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது.

சரி, 2011-க்கு வருகிறேன்.

அந்த வருஷம் நான் நூலகக் குழு ஒருங்கிணைப்பாளர். கல்லூரிக்கு நாக் குழு வரவிருந்தது. எல்லோரும் ஓட்டமும் நடையுமாக இருந்தோம். எலெக்ட்ரானிக் இதழ்கள் எத்தனை என்று கேட்பார்கள், சொல்ல ஒரு பெரிய எண் வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். டை கட்டிய ஒரு தம்பி, நன்றாகப் பேசினார். பொருளாதாரம், வணிகவியல், மேலாண்மை மூன்றிலும் சேர்த்து 340 இதழ்கள், ஆண்டுக்கு 6,000 டாலர், மூன்று வருஷ ஒப்பந்தம். அப்போது ஒரு டாலர் ஏறக்குறைய 45 ரூபாய். 2,70,000 ரூபாய். நிர்வாகம் யோசித்தது. நான் ஒரு வழி சொன்னேன். அச்சில் வரவழைத்துக்கொண்டிருந்த 14 வெளிநாட்டு இதழ்களும் இந்தத் தொகுப்பில் இருக்கின்றன. அச்சுச் சந்தாவை நிறுத்திவிட்டால் பாதிப் பணம் அங்கேயே கிடைத்துவிடும்.

நம் நூலகர் அம்மா (உங்களுக்கெல்லாம் 'லைப்ரரி மேடம்'. பெயர் போடக்கூடாது என்று உத்தரவு) அன்றைக்கே மெதுவாகச் சொன்னார். "சார், அச்சுல வர்றத ஒரேயடியா நிறுத்த வேண்டாம். ஒரு வருஷம் ரெண்டும் ஓடட்டும். அக்ரிமென்ட்டை நான் ஒரு தடவை படிச்சுப் பார்த்துக்கிறேன்." எனக்கு அவசரம். பதினெட்டுப் பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலச் சட்ட மொழி. "எல்லா காலேஜும் போடுற ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்தானே மேடம்" என்றேன். கோப்பில் பச்சை மையில் எழுதினேன்: 'ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தேன், பரிந்துரைக்கிறேன்.' முதல்வர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

நான் அதைப் படிக்கவில்லை. விலை இருந்த பக்கத்தை மட்டும் பார்த்தேன்.

என் அப்பா இருந்திருந்தால் என்னைத் திட்டித் தீர்த்திருப்பார். உறவினர்களுக்குத் தெரியும், அவர் ஒரு ஜோடி காளை வாங்க மணப்பாறைச் சந்தைக்கு மூன்று தடவை போய் வருவார். வாயைத் திறந்து பல் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். விலை பேசுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். நானோ விலையை மட்டும் பார்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் வருஷம் குறை ஒன்றும் தெரியவில்லை. நாக் குழு வந்தது, பார்த்தது, பாராட்டியது. இரண்டாம் வருஷம் விடுதியில் ஒரு பையன் ஏதோ மென்பொருளைப் போட்டு ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் கட்டுரைகளை இறக்கிவிட்டான். (அவன் இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிறான். இதைப் படிக்கிறாய் என்று தெரியும், பயப்படாதே.) மறுநாள் காலையில் கல்லூரி முழுவதற்கும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை. கேட்டால், ஒப்பந்தத்தில் இருக்கிறதாம், 'முன்னறிவிப்பின்றி நிறுத்தலாம்' என்று. திரும்ப வர 19 நாள் ஆயிற்று. ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதம் அது.

மூன்றாம் வருஷம் 2013. அந்த ஆகஸ்டு மாதத்தை வங்கியில் இருக்கும் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரூபாய் மதிப்பு சரிந்து ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டிய மாதம். நமக்கு ரசீது வந்தது டாலரில். ஆண்டுக்கு 7 சதவீத உயர்வு என்ற இன்னொரு வரியும் அதே பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. பணம் அனுப்பிய நாளில் டாலர் 65 பக்கம். 2,70,000 ரூபாயாக ஆரம்பித்தது 4,46,000 ஆகிவிட்டது. அன்னியச் செலாவணி மாற்று விகிதத்தை எத்தனை பேட்சுக்குக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்! என் கல்லூரி டாலரில் ஒப்பந்தம் போடுகிறது, அந்த ஆபத்து முழுவதும் நம் தலையில்தான் விழும் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

2014 ஜூனில் ஒப்பந்தம் முடிந்தது. இனிமேல் முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நியாயம்தான். சரி, புது இதழ்கள்தானே வராது, மூன்று வருஷம் பணம் கட்டி வாங்கிய பழைய இதழ்கள் இருக்குமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூலை முதல் தேதி நூலகர் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு கணினியைக் காட்டினார். எதைத் தொட்டாலும் ஒரே பக்கம் வந்தது. பணம் கட்டு என்றது.

நாங்கள் மூன்று வருஷம் வாங்கியதாக நினைத்த எதையும் வாங்கவே இல்லை. ஊரில் சொல்வோமே, கிரயம் வேறு, குத்தகை வேறு. நான் குத்தகைச் சீட்டைக் கிரயப் பத்திரம் என்று நினைத்திருக்கிறேன். சந்தா நின்ற பிறகும், பணம் கட்டிய வருஷங்களின் இதழ்களைப் படிக்கும் உரிமைக்கு 'பெர்பெச்சுவல் ஆக்சஸ்' என்று பெயர். அது ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நம்முடையதில் இல்லை.

நீங்கள் நூலகத்துக்குப் போனால் இன்றைக்கும் பார்க்கலாம். மேல்மாடியில், வடக்குச் சுவர் ஓரமாக, சிவப்புத் துணி அட்டை போட்ட பைண்டு வால்யூம்கள். 1970-களிலிருந்து வரிசையாக வந்து, 2010-ல் நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்தத் தட்டு காலி. அச்சையும் நிறுத்தினோம், எலெக்ட்ரானிக்கும் போயிற்று. அந்த மூன்று வருஷங்கள் நம் நூலகத்தில் எந்த வடிவத்திலும் இல்லை. பொக்கை வாய் மாதிரி அந்த இடம் இன்றும் திறந்தே கிடக்கிறது. அதற்குக் காரணம் பச்சை மையில் நான் எழுதிய ஒரு வரி.

அப்போது என்னிடம் பகுதி நேரமாக பி.எச்டி. செய்துகொண்டிருந்த ஒரு மாணவி, பள்ளி ஆசிரியை. கிராமப்புறக் கடன் பற்றிய ஆய்வு. அவளுக்குத் தேவையான முக்கியமான கட்டுரைகள் எல்லாம் சரியாக 2012, 2013 இதழ்களில் இருந்தன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு இரவு பஸ் பிடித்துச் சென்னைக்குப் போயிருக்கிறாள். அடையாறு காந்தி நகரில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டு, அடுத்த இரவு பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. ஆய்வேட்டின் முன்னுரையில் நன்றி சொல்லும் இடத்தில் படித்துத்தான் எனக்கு இது தெரிந்தது. "ஏம்மா சொல்லல?" என்றேன். "சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் சார்" என்றாள்.

ஒரு வருஷம் டேட்டாபேஸ் இல்லாமல் ஓட்டினோம். குஜராத்தில் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டம் கல்லூரிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பல இதழ்களைத் தருகிறது. அது கைகொடுத்தது. அதில் இல்லாத கட்டுரைக்கு அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் எழுதச் சொன்னார் நூலகர் அம்மா. பத்துக்கு ஏழு பேர் மறுநாளே அனுப்பிவிட்டார்கள். எழுதியவர்களுக்கு, தங்களை ஒருவர் படிக்கிறார் என்பதே சந்தோஷம்.

2015-ல் அதே கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. இந்தத் தடவை தம்பி தனியாக வரவில்லை. மேலதிகாரி ஒருவரும் வந்தார். இந்த இடத்தில் ஒரு பொருளாதாரப் பாடம். நாம் ஒரு வருஷம் இல்லாமல் இருந்து காட்டிவிட்டோம் அல்லவா, அதுதான் நம்மிடம் இருந்த ஒரே பலம். அப்பா சந்தையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பத்தடி நடப்பார். பதினோராவது அடியில் தரகர் கூப்பிடுவார். பெரிய இடங்களிலும் இதே கதைதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்ஸ்வியர் நிறுவனத்தோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு எழுந்து போயிற்று. இரண்டு வருஷம் கழித்து 2021 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களுடைய ஆசிரியர்கள் எழுதும் கட்டுரைகளை உலகம் முழுவதும் இலவசமாகப் படிக்க வழி வேண்டும் என்று கேட்டார்கள், வாங்கினார்கள்.

நாங்கள் அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை. ஆனால் நூலகர் அம்மா தயாராக இருந்தார். அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழக நூலகத்தார் 1990-களில் 'லிப்லைசென்ஸ்' என்று ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். அதன் மூலம் நூலகங்களுக்கு ஏற்ற மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் பிரின்ட் எடுத்து, கம்பெனி ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி பென்சிலால் குறித்து வைத்திருந்தார். கோடைவிடுமுறை முழுக்க இதே வேலையாக இருந்திருக்கிறார். என்னையும் உட்கார வைத்துப் படிக்க வைத்தார். மூன்று மாலை ஆயிற்று. அறுபதை நெருங்கும் வயதில் நான் மாணவனாக உட்கார்ந்தேன்.

அப்போதுதான் புரிந்தது, அந்த ஒப்பந்தத்தில் முக்கியமான பக்கம் விலைப் பக்கம் இல்லை. முதல் பக்கம், அதாவது சொற்களுக்கு விளக்கம் சொல்லும் பக்கம். 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்றால் யார்? நாம் கையெழுத்துப் போட்டிருந்த 2011 ஒப்பந்தத்தின்படி, நிரந்தர ஆசிரியர், முழு நேர மாணவர். அவ்வளவுதான். கௌரவ விரிவுரையாளர் கிடையாது. பகுதி நேர ஆய்வாளர் கிடையாது. சென்னைக்கு பஸ் ஏறிய அந்த மாணவி, இணைப்பு இருந்த மூன்று வருஷத்திலும்கூடச் சட்டப்படி அதைத் திறந்திருக்கக் கூடாது! வளாகத்துக்குள்ளே உள்ள கணினிகளில் மட்டும்தான் வேலை செய்யும். பஸ்ஸில் வந்து போகும் மாணவர்கள் பாதிப் பேருக்கு நாலு மணிக்கு மேல் அது இல்லாததற்குச் சமம்.

பேச்சுவார்த்தை மூன்று சுற்று நடந்தது. மேலதிகாரி எடுத்த எடுப்பில், "இது எங்க ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட் மேடம், ஒரு வார்த்தை மாத்த முடியாது" என்றார். நூலகர் அம்மா தலையாட்டினார். பதில் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து வைத்தார். மூன்றாவது வருஷத்தில் எந்த இதழிலிருந்து எத்தனை கட்டுரை இறக்கப்பட்டது என்ற கணக்கு. கம்பெனியே அனுப்பிய புள்ளிவிவரம்தான். 340 இதழ்களில் பாதிக்கு மேல் ஒருவர்கூடத் திறக்கவில்லை. இறக்கிய கட்டுரைகளில் பெரும்பகுதி நாற்பது இதழ்களிலிருந்து வந்தவை. மொத்தம் 2,100 கட்டுரை. ஒரு கட்டுரைக்கு 212 ரூபாய் விழுந்திருக்கிறது. "எங்களுக்கு 340 வேண்டாம் சார். 45 போதும்" என்றார்.

காய்கறிச் சந்தையில் கூறு கட்டி விற்பார்கள், தெரியுமில்லையா. மேலே பளபளவென்று நாலு கத்தரிக்காய், அடியில் சொத்தை. கூறாகத்தான் எடுக்க வேண்டும், பொறுக்கக் கூடாது. இந்தத் தொழிலில் அதற்கு 'பிக் டீல்' என்று பெயர். கூறைப் பிரிக்கச் சொன்னதும் அந்த அதிகாரியின் முகம் மாறியதைப் பார்த்தேன். அதுவரை என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. சந்தையில் மாட்டு விலை பேசும்போது இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு எவ்வளவுக்கு முடிந்தது என்று தெரியாது. இந்த ஒப்பந்தங்களிலும் ஒரு துண்டு உண்டு. விலையை வெளியே சொல்லக்கூடாது என்ற ரகசியக் காப்பு வரி. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக நூலகம் இப்படிப்பட்ட வரி உள்ள ஒப்பந்தத்தில் இனிமேல் கையெழுத்திட மாட்டோம் என்று 2011-லேயே அறிவித்தது. நம் துறைக்காரர்களும் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். தியோடர் பெர்க்ஸ்ட்ராம், பால் கோரன்ட் முதலிய பொருளாதார அறிஞர்கள், அரசுப் பல்கலைக்கழகங்களிடம் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் மனுப்போட்டு, ஒப்பந்தங்களை வெளியே எடுத்து, 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2009-ல் ஒரே பதிப்பகத்தின் தொகுப்புக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் 21 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது, ஏறக்குறைய அதே அளவுள்ள விஸ்கான்சின் 12 லட்சம் சொச்சம். துண்டுக்குள் யார் எந்த விரலைப் பிடித்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

நம் நூலகர் அம்மா மற்ற கல்லூரி நூலகர்கள் ஏழெட்டுப் பேருக்கு ஃபோன் போட்டிருந்தார். "விலை சொன்னாங்களா மேடம்?" என்று கேட்டேன். "அதை அவங்க சொல்ல முடியாது சார். நானும் கேக்கல. நீங்க எதை எதைக் கேட்டீங்க, எதுக்கு ஒத்துக்கிட்டாங்கன்னு மட்டும் கேட்டேன்" என்றார். துண்டை விலக்காமலே உள்ளே எட்டிப் பார்க்கத் தெரிந்தவர்.

எல்லாவற்றையும் விவரித்தால் உங்களுக்கு அலுத்துவிடும். கிடைத்ததைச் சொல்லிவிடுகிறேன். 45 இதழ்கள், ரூபாயில் விலை, 1,95,000. ஆண்டு உயர்வு 4 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பகுதி நேர ஆய்வாளர்களும் கௌரவ விரிவுரையாளர்களும் பயனாளர்களே. வீட்டிலிருந்தும் பார்க்கலாம். யாராவது தவறு செய்தால் முதலில் கடிதம், சரிசெய்ய முப்பது நாள், அதற்கும் மீறினால்தான் நிறுத்தம், அதுவும் அந்த ஒரு கணக்கை மட்டும். வழக்கு என்று வந்தால் லண்டன் நீதிமன்றம் என்று இருந்தது. நம் ஊர் என்று நாங்கள் கேட்க, அவர்கள் மறுக்க, கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று அந்த வரியையே அடித்துவிட்டோம். சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் உரிமைகளை இந்த ஒப்பந்தம் குறைக்காது என்று ஒரு வரி சேர்த்தோம். அதன் அருமை அடுத்த வருஷம் தெரிந்தது. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வகுப்புக்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை வழக்கு அது. ஒப்பந்தத்தில் 'கூடாது' என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், அந்தத் தீர்ப்பு நமக்குப் பயன்படுமா என்றே ஒரு தனி வழக்கு நடத்த வேண்டியிருக்கும்.

முக்கியமானது, பெர்பெச்சுவல் ஆக்சஸ். இதற்குத்தான் அவர்கள் கடைசிவரை இறங்கி வரவில்லை. மூன்றாவது சுற்றில் நூலகர் அம்மா என்னைப் பார்த்தார். மேலே போய் அந்தக் காலித் தட்டைக் காட்டுவோமா என்றார். நாலு பேரும் மாடி ஏறினோம். அந்த அதிகாரி 2010-ல் நின்ற வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க அப்பாவும் வாத்தியார்தான் சார்" என்றார், சம்பந்தமில்லாமல். ஒரு வாரத்தில் ஒப்புதல் வந்தது, 2015-லிருந்து பணம் கட்டும் வருஷங்களுக்கு மட்டும். 2011 முதல் 2014 வரை கட்டியதற்குத் தர முடியாது என்றார்கள். அது போனது போனதுதான்.

கிடைக்காதவையும் உண்டு. ரகசியக் காப்பு வரியை எடுக்க முடியவில்லை. பத்து வருஷம் ஆகிவிட்டது, அந்த ஒப்பந்தமும் காலாவதியாகிவிட்டது, அதனால்தான் துணிந்து விலையை எழுதுகிறேன். கம்பெனிப் பெயரை எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம். பழைய மாணவர்களுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வசதி கேட்டோம், முடியவே முடியாது என்றுவிட்டார்கள். "சார், ஒரு பேப்பர் பி.டி.எஃப். அனுப்புங்களேன்" என்று மெசேஜ் போடும் செல்லங்களே, நான் அனுப்பாததற்குக் காரணம் இதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'வாக்-இன் யூசர்'. கல்லூரியோடு சம்பந்தமே இல்லாதவரானாலும், நூலகத்துக்கு நேரில் நடந்து வந்து உட்கார்ந்தால் அங்குள்ள கணினியில் படிக்கலாம் என்று சொல்லும் வரி. கம்பெனி அதை நீக்கச் சொன்னது. நீக்கினால் 15,000 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள். நான் உடனே சரி என்று சொல்லத் தயாராகிவிட்டேன். நம் ஊரில் யார் தெருவிலிருந்து வந்து பொருளாதார இதழ் படிக்கப் போகிறார்கள்? நூலகர் அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நிஜமாகவே மிதித்தார். அவர்கள் போன பிறகு காரணம் கேட்டேன். "கோர்ட்டுக்கு வர்ற வக்கீல் ரெண்டு பேரு வருவாங்க சார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க வருவாங்க. வேற காலேஜ்ல படிக்கிற நம்ம ஊர்ப் புள்ளைங்க லீவுக்கு வந்தா வருவாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல நீங்க வருவீங்க." வரி நின்றது.

2017 மே மாதம் ஓய்வுபெற்றேன். மறுநாளே என் நூலக அட்டை செல்லாது, வீட்டிலிருந்து உள்ளே போகும் பாஸ்வேர்டு செல்லாது. முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்த இடத்தில் நான் ஒப்பந்தப்படி யாருமில்லை. ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தயங்கித் தயங்கிப் போனேன். நூலகர் அம்மா எழுந்து வந்தார். ஜன்னலோரக் கணினியில் ஒரு சிறிய அட்டை ஒட்டியிருந்தது: 'வெளிப் பயனாளர்'. "உக்காருங்க சார்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த எட்டு வருஷமாக நான் எழுதிய நாலைந்து கட்டுரைகளுக்கும் படித்தது அந்த நாற்காலியில்தான்.

இப்போது ஏற்பாடுகள் எவ்வளவோ மாறிவிட்டன. மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், மத்திய மாநில அரசுகளின் 6,300 நிறுவனங்கள். நாடு முழுவதற்கும் ஒரே பேரம், இன்ஃப்ளிப்நெட் வழியாக. விற்பவர்கள் சிலர், வாங்குபவர் ஒருவர். இதைத்தான் வகுப்பில் 'மோனோப்சனி' என்று நடத்தினேன், பின் பெஞ்சுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை. சிற்றூர் அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கும் ஐ.ஐ.டி. மாணவனுக்கும் ஒரே கதவு திறக்கிறது என்றால் நான் கை தட்டுவேன். ஆனால் யாராவது என்னை அந்த மேசைக்குக் கூப்பிட்டிருந்தால் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். 2027 டிசம்பர் 31-க்கு மறுநாள் காலையில் அந்த மூன்று வருஷத்து இதழ்கள் யார் கையில் இருக்கும், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்றுதான் கேட்டிருப்பேன்.

நூலகர் அம்மா இந்த மே 31-ல் ஓய்வுபெற்றார். பிரிவு உபசார விழாவில் பேசச் சொன்னார்கள். பச்சை மை விஷயத்தை அங்கே சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டு போயிருந்தேன். மேடையில் நிர்வாகத்தார், அவர் குடும்பம் எல்லோரும் இருந்தார்கள். வாய் வரவில்லை. அவருடைய நேரந்தவறாமையைப் பற்றி ஏதோ பேசிவிட்டு இறங்கிவிட்டேன். அன்று சொல்லாததை இன்று எழுதிவிட்டேன் மேடம். பதினான்கு வருஷம் தாமதம்.

புதிதாக வந்திருக்கும் நூலகர் ஒரு இளைஞர். போன வாரம் அவருக்குப் புதுப்பித்தல் ஒப்பந்தம் ஒன்று வந்திருக்கிறது. இருபத்திரண்டு பக்கம். இப்போது புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறதாம், கட்டுரைகளை எந்த ஏ.ஐ. கருவியிலும் போடக் கூடாது என்று. ஒரு மாணவன் ஒரு பத்தியை மொழிபெயர்க்கப் போட்டால்கூட அது மீறலா என்று அவர் கேட்கிறார். நல்ல கேள்வி. அவர், நான், வாக்-இன் யூசராக மாறிவிட்ட நூலகர் அம்மா, மூன்று பேரும் வரும் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு உட்காரப் போகிறோம். பென்சில் அவர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஊர்ப் பக்கம் வரும் மாணவர்கள் யாருக்காவது கட்டுரை வேண்டுமென்றால் நேரில் வாருங்கள். காலை பத்து முதல் ஐந்து வரை. அடையாள அட்டை ஒன்று போதும், வாசலில் நோட்டில் பெயர் எழுத வேண்டும். பென் டிரைவ் அனுமதி இல்லை, பிரின்ட் பக்கத்துக்கு ஒரு ரூபாய், சில்லறையாகக் கொண்டுவரவும். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலையில் நான் அந்த ஜன்னலோர இடத்தில்தான் இருப்பேன், எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். கீபோர்டில் ஸ்பேஸ் பார் கொஞ்சம் மக்கர், அழுத்தித் தட்ட வேண்டும்.